மனித சைட்டோகுரோம் சி: வெளுத்த பெல்லட்டிலிருந்து சிவந்த புரதம் வரை

மைட்டோகாண்டிரியாவில் எலக்ட்ரானைக் கடத்தும் சிவப்புப் புரதம் சைட்டோகுரோம் சி. இ.கோலை பாக்டீரியாவில் வளர்த்தெடுத்த அதன் மனித வடிவம் கடைசியில் சரியாக வந்துவிட்டது. கரைசல் நல்ல சிவப்பு. புரதம் சரியாக மடங்கியதற்கு அடையாளமாக, ஒளி உறிஞ்சலில் 695 நானோமீட்டரில் தெரிய வேண்டிய சின்ன மேடும் தெரிகிறது. எந்தக் கட்டத்தில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று வரிசையாக எழுதி வைக்கிறேன். இதே புரதத்தைச் செய்யப் போகிறவர்களுக்கு மீடியமும் நேரமும் மிச்சமாகும்.

எதற்காக இந்த வேலை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். விலைக்கு எளிதில் கிடைப்பது குதிரை இதயத்திலிருந்து எடுத்த சைட்டோகுரோம் சி. பல சோதனைகளுக்கு அதுவே தாராளமாகப் போதும். ஆனால் அதன் 104 அமினோ அமிலங்களில் 12 இடங்கள் மனிதப் புரதத்திலிருந்து வேறுபட்டவை. எங்களுக்கு வேண்டியதோ, 41-ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் செரின் வந்த வடிவத்தை இயல்பான வடிவத்தோடு ஒப்பிடுவது. நியூசிலாந்துக் குடும்பம் ஒன்றில் தலைமுறையாக வரும் இரத்தத் தட்டணுக் குறைவுக்கு அந்த மாற்றம்தான் காரணம் என்று 2008-இல் கண்டறிந்தார்கள். ஒரே ஒரு அமினோ அமில மாற்றத்தை அளக்கிற இடத்தில், ஒப்பீட்டுக்கு வைக்கும் புரதமே 12 இடங்களில் வேறாக இருந்தால் அந்த அளவீட்டுக்கு அர்த்தம் இல்லை.

மரபணு மிகச் சிறியது. நிறுத்தக் குறியோடு சேர்த்து 318 காரங்கள். புரதமும், அதற்கு நிறம் தரும் இரும்பு கொண்ட ஹீமோடு சேர்த்து, 12 கிலோடால்டன் சொச்சம்தான். டி7 புரோமோட்டர் (மரபணுவை இயக்கும் விசை) உள்ள வழக்கமான பிளாஸ்மிட்டில் (சிறு டி.என்.ஏ. வளையம்) போட்டு, பி.எல்.21 என்ற இ.கோலை செல்லுக்குள் ஏற்றி, தூண்டியான ஐ.பி.டி.ஜி. ஊற்றினால் வந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படித்தான் தொடங்கினோம். பிரித்தெடுப்பது சுலபமாக இருக்கட்டும் என்று முன்முனையில், நிக்கல் ரெசினில் பிடித்துக்கொள்ளும் ஆறு ஹிஸ்டிடின் கொண்ட ஒட்டும் (டேக்) சேர்த்தோம். செல்களைச் சுழற்றி இறக்கியபோது பெல்லட் (அடியில் படியும் செல் திரள்) வெளுப்பாக, சாதாரண இ.கோலையின் நிறத்தில் இருந்தது. ஜெல்லில் 12 கிலோடால்டன் பக்கம் மங்கலாக ஒரு பட்டை. அதுவும் நேரம் போகப் போகக் குறைந்தது.

சைட்டோகுரோம் சி-யில் ஹீம் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. 14, 17 ஆகிய இடங்களில் உள்ள இரண்டு சிஸ்டீன்களோடு அது நிரந்தரமாகப் பிணைந்திருக்கிறது. ஹீம் ஏறாத வரை புரதம் மடங்காது. மடங்காத சங்கிலியைச் செல் சீக்கிரமே அரைத்துத் தின்றுவிடும். மைட்டோகாண்டிரியாவில் இந்தப் பிணைப்பைச் செய்து கொடுப்பது ஹீம் லையேஸ் என்கிற நொதி. இ.கோலையில் அது கிடையாது. இ.கோலைக்கென்று இருக்கும் சைட்டோகுரோம் சி பட்டறை வேறு வகை. அது செல்லின் வெளியறையில் (இரு சவ்வுகளுக்கு இடைப்பட்ட பெரிபிளாசம்) இயங்குவது, காற்றில்லாத வளர்ச்சியில்தான் முழுதாகத் திறக்கும். அதைத் தனி பிளாஸ்மிட்டில் ஏற்றி எப்போதும் இயங்க வைத்து, புரதத்துக்கு ஒரு சமிக்ஞைத் தொடரையும் சேர்த்து வெளியறைக்கு அனுப்பும் வழியும் உண்டு. எங்களுக்கு அது தேவையில்லாத சுற்றாகப் பட்டது.

நாங்கள் எடுத்தது ஈஸ்ட் வழி. ஈஸ்டின் ஹீம் லையேஸ் மரபணுவையும் சைட்டோகுரோம் மரபணுவையும் ஒரே பிளாஸ்மிட்டில் வைத்து இ.கோலையில் சேர்ந்து வெளிப்படுத்தும் முறை 1998-இலேயே வந்துவிட்டது. ஈஸ்ட் நொதி மனிதப் புரதத்தையும் ஏற்றுக்கொள்கிறது. மனித மரபணுவை இ.கோலைக்குப் பழக்கமான கோடான்களில் (மூன்றெழுத்து மரபுக் குறிகளில்) எழுதி, முன்முனை ஒட்டை முழுதாக எடுத்துவிட்டு, அந்தப் பிளாஸ்மிட்டுக்குள் மாற்றினோம். ஒட்டை எடுத்தது முக்கியமான முடிவு. ஹீம் லையேஸ் தன் வேலைக்கு அடையாளமாகப் பார்ப்பது புரதத்தின் முன்முனைச் சுருளைத்தான். அங்கே கூடுதல் அமினோ அமிலங்களைக் கோத்துவைத்தால் நொதி தடுமாறும். பின்முனையில் ஒட்டு வைக்கலாம், ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. நிக்கல் ரெசினிலிருந்து புரதத்தை இறக்க ஊற்றும் இமிடசோல், ஆக்சிஜனேற்றமடைந்த சைட்டோகுரோம் சி-யின் இரும்பைப் பிடித்துக்கொண்டு 80-ஆவது மெத்தியோனினைத் தள்ளிவிடும். இமிடசோலை முழுதாக நீக்கும் வரை நிறமாலையை நம்ப முடியாது. இந்தப் புரதத்தில் 18 லைசின்கள் இருக்கின்றன. நேர்மின்னூட்டம் இவ்வளவு இருக்கும்போது பிரிப்பதற்கு ஒட்டே வேண்டியதில்லை.

சரி, பிளாஸ்மிட் மாறியதும் நிறம் வந்துவிட்டதா? கொஞ்சம்தான் வந்தது. வெளிர் ரோஜா. அதைச் சிவப்பாக்கியவை இரண்டு மாற்றங்கள்: காற்றைக் குறைத்தது, தூண்டுதலைக் குறைத்தது.

மீடியம் டெரிஃபிக் பிராத். லிட்டருக்கு டிரிப்டோன் 12 கிராம், ஈஸ்ட் சாறு 24 கிராம், கிளிசரால் 4 மி.லி., தனியாக ஆட்டோகிளேவ் செய்து ஆறிய பிறகு கலக்கும் பாஸ்பேட் கரைசலில் ஒற்றைப் பொட்டாசியம் பாஸ்பேட் 2.31 கிராம், இரட்டைப் பொட்டாசியம் பாஸ்பேட் 12.54 கிராம். ஆம்பிசிலின் மி.லி.க்கு 100 மைக்ரோகிராம். 2 லிட்டர் ஃபிளாஸ்க்கில் 400 மி.லி. மட்டும் ஊற்றி ஷேக்கரை 220 சுழற்சியில் ஓட்டினால் செல் அடர்த்தி நன்றாக ஏறுகிறது, நிறம் ஏறவில்லை. அதே ஃபிளாஸ்க்கில் ஒரு லிட்டர் ஊற்றி 120 சுழற்சிக்குக் குறைத்ததும் செல் கொஞ்சம் குறைந்தது, சிவப்பு நன்றாகக் கூடியது. புரதத்துக்காக இ.கோலை வளர்க்கும் எல்லோருக்கும் காற்று நிறைய வேண்டும் என்பது கைப்பழக்கம். அதை விட்டால்தான் இது வரும்.

அடுத்தது ஐ.பி.டி.ஜி. 1 மில்லிமோலார் போட்டபோது ஜெல்லில் பட்டை தடித்தது, நிறம் அந்த அளவுக்கு வரவில்லை. ஹீம் லையேஸ் சவ்வோடு ஒட்டி வேலை செய்யும் நொதி. அதன் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. சங்கிலிகளை அதன் முன்னால் குவித்தால் பாதி வெறுமனே நின்று வீணாகும். தூண்டியே போடாமல், புரோமோட்டரின் கசிவை மட்டும் நம்பி, 37 டிகிரியில் ஒரு நாள் முழுக்க மெதுவாக ஓட விட்டோம். பெல்லட் சால்மன் மீன் நிறத்துக்கு வந்தது. இப்போது ஐ.பி.டி.ஜி. செலவே இல்லை.

ஹீமின் மூலப்பொருளான அமினோலெவுலினிக் அமிலம் சேர்ப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வழக்கமாகப் பரிந்துரைப்பார்கள், சேர்த்தால் பெல்லட் கண்கூடாகச் சிவக்கும். ஆனால் அந்தச் சிவப்பு எல்லாம் சைட்டோகுரோம் அல்ல. இரும்பு போதாமல் அமிலம் மட்டும் அதிகமானால் செல்லில் இரும்பில்லாத போர்பிரின் குவியும். அதுவும் சிவப்பும் பழுப்பும் கலந்த நிறம்தான். பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால் போர்பிரின் செக்கச்செவேலென்று ஒளிரும், சைட்டோகுரோம் சி ஒளிராது. எங்கள் 0.5 மில்லிமோலார் ஃபிளாஸ்க் பளபளவென்று ஒளிர்ந்தது. 0.1 மில்லிமோலார் அமிலமும் அதே அளவு இரும்பு சிட்ரேட்டும் சேர்த்தபோது ஒளிர்வு அடங்கியது, உண்மையான புரதமும் குறையவில்லை. சேர்க்காமலே வளர்த்த ஃபிளாஸ்க்கும் அதற்குப் பெரிதாகப் பின்தங்கவில்லை. மொத்தச் செலவில் இந்த அமிலம் ஒரு பெரிய பங்கு என்பதால், இனிமேல் இதை விட்டுவிடுவதாக இருக்கிறேன்.

அதனால்தான், கண்ணால் பார்க்கும் நிறத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. அறுவடைக்கு முன் 1 மி.லி. எடுத்துச் சுழற்றி, செல்லை உடைத்து, தெளிந்ததில், எலக்ட்ரான் கொடுத்து ஒடுக்கும் டைதயோனைட் சிட்டிகை போட்டு 500-இலிருந்து 600 நானோமீட்டர் வரை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். 550-இல் கூர்மையான சிகரமும் 520-இல் அதைவிடத் தாழ்ந்த அகல மேடும் வந்தால் ஃபிளாஸ்க்கை இறக்கலாம். டேவிட் கெய்லின் 1925-இல் இந்த நிறமிக்குச் சைட்டோகுரோம் என்று பெயர் வைத்தது உயிருள்ள தசையிலும் ஈஸ்டிலும் கைநிறமாலைமானி வழியே இந்தப் பட்டைகளைப் பார்த்துத்தான். நூறு வருடம் ஆகியும் இதைவிட வேகமான சோதனை ஒன்று இல்லை என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. டைதயோனைட் ஈரம் பட்டால் செத்துவிடும். பழைய புட்டியை நம்ப வேண்டாம், சின்னப் புட்டியாக வாங்கி உலர்வாக வைத்துக்கொள்ளுங்கள்.

செல் உடைப்பு வழக்கம் போலத்தான். 50 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், பி.எச். 6.8, லைசோசைம், டி.என்.ஏ. நொதி, புரோட்டியேஸ் தடுப்பான். ஐஸில் வைத்து 10 விநாடி சோனிகேட்டர், 30 விநாடி ஓய்வு. டி.என்.ஏ. நொதியை மட்டும் தவிர்க்கக் கூடாது. நேர்மின்னூட்டம் நிறைந்த இந்தப் புரதம் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு, சுழற்றும்போது கழிவோடு போய்விடும். 20,000 ஜி-யில் அரை மணி நேரம் சுழற்றியதும் மேலே தெளிந்து நிற்பது சிவப்பாக இருக்க வேண்டும்.

அடுத்து அம்மோனியம் சல்பேட். இந்தப் படியை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. மற்றப் புரதங்கள் கட்டி கட்டியாக இறங்கும்போது சைட்டோகுரோம் சி கரைந்தே நிற்கும். 0 டிகிரியில் 55 சதவீதச் செறிவுக்கு லிட்டருக்கு 326 கிராம். கிளறிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் அந்த இடத்தில் மட்டும் செறிவு எகிறி, நிற்க வேண்டியதும் இறங்கும். ஒரு மணி நேரம் குளிரில் வைத்துச் சுழற்றினால் அடியில் அழுக்கு வெள்ளைக் கட்டி, மேலே கண்ணாடி போலத் தெளிந்த சிவப்பு. வேறு எந்தப் படியும் இவ்வளவு மலிவாக இவ்வளவு சுத்தம் செய்வதில்லை.

அப்புறம், நுண்துளைப் பை வழியே உப்பை வெளியேற்றும் டயாலிசிஸ். இங்கே பையின் துளை அளவைப் பார்க்காமல் எடுக்கக் கூடாது. ஆய்வகங்களில் கைக்கெட்டும் இடத்தில் இருப்பது பெரும்பாலும் 12 முதல் 14 கிலோடால்டன் வெட்டளவு கொண்டது. நம் புரதமே 12 கிலோடால்டன். அந்தப் பையில் போட்டால் காலையில் வெளிப் பஃபர் இளஞ்சிவப்பாகத் தெரியும். வெளியே போனதை அயனி ரெசினில் ஓட்டிப் பிடித்துவிடலாம், ஆனால் பல லிட்டரை ஓட்ட வேண்டியிருக்கும். 3.5 கிலோடால்டன் பைதான் சரி. இன்னொன்று, உப்பு நிறைந்த கரைசல் உள்ளே இருப்பதால் தண்ணீர் உள்ளே புகுந்து பை உப்பும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலியாக விட்டுக் கட்டுங்கள்.

ரெசின் பத்தியில் ஏற்றுவதற்கு முன் பொட்டாசியம் ஃபெரிசயனைடு சிறிதளவு சேர்த்துக் கரைசல் முழுவதையும் ஆக்சிஜனேற்ற நிலைக்குக் கொண்டுவந்தோம். இதைச் செய்யாத ஓட்டத்தில் சிவப்புப் பட்டை இரண்டாகப் பிரிந்து இறங்கியது. வேறு புரதம் கலந்திருக்கிறதோ என்று பார்த்தால் ஜெல்லில் இரண்டும் ஒன்றேதான். இரும்பு ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கும்போது ஒரு நேர்மின்னூட்டம் கூடுதல், அதனால் அது ரெசினை இன்னும் கொஞ்சம் இறுகப் பிடிக்கிறது. ஃபெரிசயனைடு சேர்த்தபின் பட்டை ஒன்றாகிவிட்டது. மிஞ்சிய ஃபெரிசயனைடு எதிர்மின்னூட்டம் கொண்டது, ரெசினில் நிற்காமல் கழுவும்போதே போய்விடும்.

ரெசின், நேர்மின்னூட்டப் புரதங்களைப் பிடிக்கும் எஸ்.பி. செபரோஸ், 20 மி.லி. அளவு. உப்பு குறைந்த அதே பாஸ்பேட்டில் ஏற்றினால் சிவப்பு ரெசினின் உச்சியிலேயே தடித்த வளையமாகப் பிடித்துக்கொள்ளும். வளையம் ஏற்றும்போதே கீழே பரவினால் டயாலிசிஸ் போதவில்லை என்று பொருள். உடனே நிறுத்தி, பஃபரால் நீர்க்க வைத்து மறுபடி ஏற்றலாம். சோடியம் குளோரைடை 0-இலிருந்து 500 மில்லிமோலார் வரை சீராக ஏற்றினோம். எங்கள் புரதம் 200 தாண்டி இறங்கியது. கண்ணாலேயே பார்த்துக் குழாய் மாற்றலாம். பயன்படுத்திய ரெசினை 1 மோலார் உப்பாலும் அப்புறம் 0.5 மோலார் சோடியம் ஹைடிராக்சைடாலும் கழுவி எத்தனையோ முறை மறுபடி பயன்படுத்த முடிகிறது.

அளப்பது எப்படி என்று பார்ப்போம். புரதச் சாயம் கலந்து அளக்கும் முறைகள் இங்கே தேவையில்லை, ஹீமே அளவுகோல். டைதயோனைட் சேர்த்த நிலையில் 550-இன் மோலார் உறிஞ்சல் கெழு, மில்லிமோலாருக்குச் சென்டிமீட்டருக்கு 29.5. எங்கள் கடைசிக் கரைசலை 20 மடங்கு நீர்க்க வைத்தபோது 0.59 காட்டியது. அதாவது 20 மைக்ரோமோலார். நீர்க்காததில் 400 மைக்ரோமோலார், ஏறக்குறைய மி.லி.க்கு 4.9 மில்லிகிராம். ஒரு லிட்டர் மீடியத்துக்குக் கணக்கிட்டால் 8 மில்லிகிராம் வந்தது. தூய்மைக்கு, ஆக்சிஜனேற்ற நிலையில் 410-இன் உறிஞ்சலை 280-இன் உறிஞ்சலால் வகுத்துப் பார்க்கிறோம். 4-ஐத் தாண்டிய குழாய்களை மட்டும் சேர்த்துக்கொண்டோம்.

நிறம் இருக்கிறது, அளவு இருக்கிறது. புரதம் சரியாக மடங்கியிருக்கிறதா? இதற்குத்தான் 695. மெத்தியோனினின் கந்தகம் இரும்பைப் பிடித்திருந்தால் மட்டுமே அந்த மேடு வரும். உறிஞ்சல் கெழு 0.8 அளவுதான் என்பதால் நீர்த்த கரைசலில் தேடினால் கிடைக்காது. 400 மைக்ரோமோலாரில் 0.3 சுற்றித் தெளிவாகத் தெரிந்தது. கூடவே அஸ்கார்பேட் சோதனை. டைதயோனைட் எதையும் ஒடுக்கிவிடும். அஸ்கார்பேட் மென்மையானது, மின்னழுத்தம் உயர்ந்த இயல்பான வடிவத்தை மட்டும் ஒடுக்கும். இரண்டும் தரும் 550 சிகரம் ஒரே உயரத்தில் இருந்தால் கெட்ட புரதம் கலக்கவில்லை என்று நம்பலாம். எங்களுடையது ஒத்துப்போனது.

ஹீம் இரண்டு சிஸ்டீன்களோடும் பிணைந்ததா என்பதைப் பிரிடினும் காரமும் சேர்த்து உருக்குலைத்து, டைதயோனைட்டோடு பார்க்க வேண்டும். இரண்டும் பிணைந்திருந்தால் சிகரம் 550, ஒன்று மட்டும் என்றால் 553, ஒன்றுமே இல்லாவிட்டால் 556 பக்கம். இதைப் புகைப்போக்கி அலமாரியில் செய்யுங்கள், பிரிடின் வாடை நாள் முழுக்கப் போகாது. நிறை நிறமாலையில் 12,234 டால்டன் அருகே ஒற்றைச் சிகரம் வந்தது. தொடக்க மெத்தியோனின் கழன்று, 616 டால்டன் ஹீம் சேர்ந்தால் வர வேண்டிய எண் அதுவே. மனித உடலில் முன்முனைக் கிளைசினில் அசிட்டைல் குழு இருக்கும், இ.கோலை அதைப் போடுவதில்லை. முன்முனை சம்பந்தப்பட்ட சோதனை செய்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலை செய்கிறதா என்பதற்கு ஒடுக்கிய புரதத்தைச் சிறு உப்புநீக்கு பத்தியில் ஓட்டி, டைதயோனைட்டைக் கழித்துவிட்டு, மைட்டோகாண்டிரியா சவ்வுத் துணுக்குகளோடு சேர்த்தோம். அதில் உள்ள சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள, 550 சீராக இறங்கியது. அந்த நொதியைத் தடுக்கும் அசைடு சேர்த்ததும் நின்றது. டைதயோனைட் மிச்சம் இருந்தால் 550 இறங்கவே இறங்காது, நொதி செத்துவிட்டதாகத் தவறாகத் தோன்றும்.

சேமிப்புக்கு 50 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைத்திருக்கிறோம். உறைய வைத்து உருக்கி, மறுபடி உறைய வைத்தால், இரண்டு மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்ட இரட்டைகள் உருவாகின்றன. உறைநிலையில் உலர்த்திப் பொடியாக்கினாலும் அப்படியே. எந்தப் பங்கையும் இரண்டாம் முறை உருக்குவதில்லை.

அடுத்த முறைக்கு மாற்றுவது மூன்று. அமினோலெவுலினிக் அமிலம் இல்லாமல் வளர்ப்பது. ஃபெரிசயனைடை டயாலிசிஸுக்கு முன்பே சேர்த்து, அதன் மிச்சத்தைப் பை வழியே போக்குவது. ரெசின் பத்தியை இன்னும் ஒல்லியாக, நீளமாக எடுத்துக்கொள்வது. இப்போதைய பருத்த பத்தியில் பட்டை வாலிழுத்தது. செரின் மாறிய வடிவத்தின் பிளாஸ்மிட் வரிசை பார்த்துச் சரி செய்தாகிவிட்டது. அதையும் இயல்பான வடிவத்தையும் ஒரே ஷேக்கரில், ஒரே மீடியத்தில், ஒரே நாளில் ஏற்றி, இரண்டின் 695 மேட்டையும் ஒரே குவெட்டில் அளக்கப் போகிறோம்.